வற்றாத ஆறும் பல்லாண்டுச் செடியும்

ஆங்கிலத்தில் ‘பெரெனியல்’ என்றொரு பெயரடை உண்டு. இலத்தீன் மொழியில் ‘பெர்’ என்பது ‘முழுவதும்’ எனவும், ‘அன்னுஸ்’ என்பது ‘ஆண்டு’ எனவும் பொருள்படும். ஆகவே, ‘ஆண்டு முழுவதும் இருப்பது’ என்பது இச்சொல்லின் அடிப்படைப் பொருள். ‘பல ஆண்டுகள் நீடிப்பது’, ‘மீண்டும் மீண்டும் தோன்றுவது’ என்னும் பொருள்களும் இதற்கு உண்டு. புவியியல் நூல், தாவரவியல் நூல், நாளிதழ் ஆகிய மூன்றிலும் இச்சொல் வருகிறது. மூன்றிடத்தும் ஒரே தமிழ்ச்சொல்லை இட்டால் பொருள் பிறழும்.

முதலில் ஆறுகளைக் காண்போம். கங்கையில் இமயத்துப் பனி உருகிய நீரும் மழைநீரும் சேர்வதால் அது கோடையிலும் ஓடுகிறது. பொதிகையில் பனி உறைவதில்லை. எனினும், அங்குப் பிறக்கும் தாமிரபரணி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுகிறது. இத்தகைய ஆறுகளை ‘வற்றாத ஆறுகள்’ என்பர். ‘ஜீவநதி’ என்னும் வழக்கும் உண்டு. அகராதியைப் பார்த்து ‘நிரந்தர ஆறு’ என எழுதுவது பொருந்தாது. வைகை கோடையில் மணலாய்க் கிடந்தாலும் ஆறு நிரந்தரமாக அங்கேதான் இருக்கிறது, நீர்தான் இல்லை.

தாவரவியலில் இச்சொல் ஆயுளைக் குறிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவை பல்லாண்டுத் தாவரங்கள். மாவும் வேம்பும் அவ்வகையின. தேக்கு இலையுதிர்த்து நின்றாலும் பல்லாண்டுத் தாவரமே. எனவே, ‘பசுமை மாறாத’ என்னும் சொல் இங்கு உதவாது. வாடாமல்லியின் நிலை வேடிக்கையானது. பறித்து உலர்த்திய பின்னும் அதன் பூ நிறம் மாறாதிருக்கும். செடியோ ஓராண்டுச் செடி!

நாளிதழில் இதே பெயரடை சிக்கல்களுக்கு வரும். அங்கு ‘தீராத குடிநீர்ப் பற்றாக்குறை’, ‘ஓயாத போக்குவரத்து நெரிசல்’ என எழுதுவதே தமிழ் மரபு.

வற்றாத, தீராத, ஓயாத என்னும் இவை யாவும் எதிர்மறைப் பெயரெச்சங்கள். நீர் வற்றும், பூ வாடும், சிக்கல் தீரும், புகழ் அழியும். ஒவ்வொரு பொருளுக்கும் உரிய முடிவு வேறு. அம்முடிவை மறுத்து நிலைபேற்றை உணர்த்துவது தமிழில் பெருவழக்கு. மொழிபெயர்ப்பவர், ‘இப்பொருள் முடிந்தால் எவ்வாறு முடியும்?’ என்று முதலில் எண்ணிப் பார்த்தால் உரிய சொல் தானே கிடைக்கும்.

இப்பெயரெச்சங்களை எழுதும்போது சந்தியிலும் கருத்து வேண்டும். ‘அழியாத புகழ்’, ‘வற்றாத கிணறு’ என்பவற்றில் வல்லினம் மிகாது. இறுதியிலுள்ள ‘த’ கெட்டு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக வரும்போது வல்லினம் மிகும்: அழியாப் புகழ், வற்றாக் கிணறு, தீராத் துயர். ‘வற்றா ஆறு’ என்பதில் வருமொழி உயிரெழுத்தில் தொடங்குவதால் அங்கு மிகுவதற்கு வல்லினம் இல்லை.