ஊமைத்துரையின் உள்ளங்கையில் ஒரு போர்க்களம்

பேசவும் கேட்கவும் இயலாத ஒரு தளபதி, தம் வீரர்களுக்கு வரவிருக்கும் போரை எவ்வாறு விளக்கியிருப்பார்? அன்பு வாசகர்களே, இதற்கு விடை 1830ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலேயரின் நினைவுக் குறிப்பு நூலில் இருக்கின்றது. அதனை எழுதிய ஜேம்ஸ் வெல்ஷ், 1801இல் பாஞ்சாலங்குறிச்சியை முற்றுகையிட்ட கும்பெனிப் படையில் இருந்தவர். ஊமைத்துரை சிறு வைக்கோல் துண்டுகளைத் தம் இடது உள்ளங்கையில் அடுக்கிக் காட்டுவாராம். அவையே ஆங்கிலேயப் படை. பின்னர் நேரத்தையும் பிறவற்றையும் குறிக்கும் சில சைகைகள். அதன்பின் மறு கையால் அத்துரும்புகளை ஒரே வீச்சில் துடைத்தெறிந்து, வாயால் ஓர் ஒலி எழுப்புவாராம். அதுவே தாக்குதலுக்கான ஆணை. பகைவரே வியந்து எழுதி வைத்த செய்தி இது.

ஏறத்தாழ இதே காலத்தில், ஐரோப்பாவில் பிரஷ்யா நாடு நெப்போலியனிடம் 1806இல் படுதோல்வி அடைந்து தலைகுனிந்து நின்றது. அந்நாட்டைச் சேர்ந்த ரெய்ஸ்விட்ஸ் என்பவர் 1812இல் தம் மன்னருக்கு ஒரு மேசையைக் காணிக்கையாக்கினார். மலை, ஆறு, சாலை ஆகியவற்றைக் கட்டைகளால் அமைத்து, அவற்றின்மீது படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு அது. அவருடைய மகன் 1824இல் அதனைச் செம்மைப்படுத்தி விதிநூலாக வெளியிட்டார். கட்டைகளுக்குப் பதில் நிலப்படம். ஒரு பக்கம் சிவப்புக் காய், மறு பக்கம் நீலக் காய். இடையில் ஒரு நடுவர். எதிரியைப் பற்றி ஒரு தளபதிக்குப் போர்க்களத்தில் எவ்வளவு தெரியக்கூடுமோ, அவ்வளவை மட்டுமே நடுவர் வெளியிடுவார். பிரஷ்ய அதிகாரிகள் இதை ஆடியே பயிற்சி பெற்றனர். 1962இல் அமெரிக்காவில் 'வாட்டர்லூ' என்ற பெயரில் அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கப்பட்ட விளையாட்டும் இதன் வழிவந்ததே.

இதற்கெல்லாம் மூலம் நம் சதுரங்கம்தான். இங்கிருந்து பாரசீகம் சென்று, அரபு மக்களிடம் 'ஷத்ரஞ்ச்' ஆகி, பக்தாதில் அதற்கென நூல்கள் எழுதப்பட்டு, பின்னரே அது ஐரோப்பாவை அடைந்தது. 1780இல் ஜெர்மானியரான ஹெல்விக் அதன் கட்டங்களைப் பெருக்கிப் போர் விளையாட்டாக்கினார். நம் திண்ணைகளில் கரிக்கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டமும் குறைந்ததன்று. புலி மூன்று, ஆடு பதினைந்து. இரு தரப்பின் வலிமையும் வேறு, வழியும் வேறு. பாளையக்காரர் போரை விளக்க, சதுரங்கத்தைவிட இதுவே பொருத்தமானது என்பேன்.

நெப்போலியனின் போருக்கும் நம் கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பெரியதாழையில் தொடங்கி வேம்பார் வரை நீளும் இக்கடற்கரையின் நடுவே உள்ள தூத்துக்குடி, 1658 முதல் டச்சுக்காரர் வசம் இருந்தது. 1795இல் பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் நுழைந்தது. உடனே ஆங்கிலேயர் தூத்துக்குடியைப் பிடித்தனர். மறு ஆண்டு கொழும்பும், அதனோடு மன்னார் முத்துக்குளிப்பும் அவர்கள் கைக்குச் சென்றன. 1798 ஆகஸ்டில் அபூகீரில் பிரெஞ்சுக் கப்பற்படை அழிந்தது. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்பு சுல்தானுக்கு எழுதிய கடிதம் ஆங்கிலேயரிடமே சிக்கியது. மே 4ஆம் நாள் திப்பு ஷஹீதானார். மைசூரை நோக்கிச் சென்றிருந்த கும்பெனியின் கவனம் தெற்கே திரும்பியது. அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இத்தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பாடநூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் வைப்பதால், மாணவர் கண்ணுக்கு இத்தொடர்பு தென்படுவதே இல்லை.

ஆகவேதான் மாணவர்களுக்காக ஒரு பெரிய தாளில் இக்கரையின் படத்தை வரைந்தேன். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதில் தொடங்கி, மே 24இல் கோட்டை வீழ்ந்தது வரை பதினாறு வாரங்கள். வாரத்திற்கு ஒரு நகர்த்தலாகப் பதினாறு நகர்த்தல்கள். பாஞ்சாலங்குறிச்சிக்குப் புளியங்கொட்டை, செஞ்சட்டைக் கும்பெனிக்குக் குன்றிமணி. இரு தரப்பாரும் தத்தம் ஆணையைத் துண்டுச்சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும்.

பகடை உண்டா என்பது முதல் கேள்வி. பிரஷ்ய ஆட்டத்தில் சேதத்தைப் பகடையே முடிவு செய்தது. பகடை ஆட்டத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள். சதுரங்கத்தையோ, பந்தயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் ஆடினால் மக்ரூஹ் என்ற அளவில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் நிறுத்தினார்கள். அதிலும் வெறுப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொழுதை விழுங்கும் எதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பகடைக்கு வழி பிரஷ்யாவிலேயே கிடைத்தது. 1876இல் வெர்தி என்ற தளபதி பகடையையும் அட்டவணைகளையும் ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று விதித்தார். நாமும் அவ்வாறே செய்யலாம். நடுவர் நீதியுடன் நடக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பகடையை உருட்டுவதைவிட அது கடினம்தான்.

மனிதர் மடிந்த போரை விளையாட்டாக்குவது முறையா என்பது இரண்டாவது கேள்வி. ஒரு பெற்றோரும் இதைக் கேட்டார். நியாயமான கேள்வியே. ஆனால் மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு ஊமைத்துரையின் தோல்வி ஒரு மதிப்பெண்; காயை நகர்த்தும் மாணவன் மார்ச் 31இல் திணறுகிறான். அன்று கும்பெனியின் தாக்குதல் மண்கோட்டைச் சுவரில் மோதி முறிந்தது. ஒரு வாரத்திற்குள் எழுப்பிய சுவர் அது! குன்றிமணி வைத்திருப்பவன் எட்டு வாரம் பொறுத்து, கர்னல் அக்னியூவின் தலைமையையும் புதிய பீரங்கிகளையும் எதிர்பார்க்கலாம். புளியங்கொட்டைக்காரன் எதை எதிர்பார்ப்பான்? கடல்வழி உதவி வருமா என்று அவன் என்னைக் கேட்கிறான். கொழும்பு யாரிடம், அபூகீரில் என்ன நடந்தது என்று தேடச் சொல்கிறேன். தேடிவிட்டு வருபவன் பெரும்பாலும் கோட்டையைக் கைவிட்டு, மருது சகோதரர்களை நாடிச் சிறுவயலுக்குப் புறப்படுகிறான். ஊமைத்துரையும் மே மாதத்தில் அங்கேதான் சென்றார்.

வீட்டில் ஆட விரும்புவோர் பாளையங்கோட்டைக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே சுமார் 30 மைல் என்று கொள்க. தூத்துக்குடியை மறவாமல் குறிக்கவும். அவ்வாண்டு சில காலம் அதுவும் பாளையத்தாரின் கையில் இருந்தது. காய்களுக்குச் சோழி வேண்டாம். பிள்ளைகள் அதைக் குலுக்கத் தொடங்கிவிடுவார்கள்.