நாட்டு மருந்தும் டாக்டரின் கேள்வியும்



பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று மருந்தகத்திற்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். "வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா அம்மா?" என்று கேட்கிறார்கள். "ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். காலையில் புகட்டிய ஓம நீரும், முதல் நாள் மந்திரித்துக் கட்டிய கயிறும் அந்த நேரத்தில் வாய்க்கு வருவதில்லை. ஏச்சுக் கேட்க வேண்டியிருக்குமே என்ற அச்சம்தான் காரணம். இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா, டெக்சஸ் மாநிலங்களில் பழம் பறித்தும் காய்கறி அறுத்தும் பிழைக்கின்ற மெக்சிக்கோ தொழிலாளர் குடும்பங்களிலும் இதே கதைதான். இன்று அவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்கா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களையும் அவர்கள் வழி வந்தவர்களையும் அமெரிக்காவில் லத்தினோ மக்கள் என்பார்கள். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அவர்கள் 6 கோடியே 20 லட்சம் பேர். ஊர் ஊராகச் சென்று பண்ணை வேலை செய்பவர்களின் மருந்தகங்களுக்குப் பணம் ஒதுக்க 1962இல் அங்கே ஒரு சட்டமே வந்தது. மருந்தகம் வந்தது, ஆனாலும் மக்கள் தங்கள் நாட்டு வைத்தியரை விட்டுவிடவில்லை. அந்த வைத்தியருக்குக் குராண்டெரோ என்று பெயர். மூலிகை தருபவர் யெர்பெரோ. நீவி விடுபவர் சோபடோர்.

அவர்கள் நோய்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். 'மால் தெ ஓஹோ' என்பது கண்ணேறு. முட்டையை எடுத்துக் குழந்தையின் உடம்பில் தடவி, பிறகு தண்ணீரில் உடைத்துப் பார்ப்பார்கள். 'சுஸ்தோ' என்பது திடீர்ப் பயத்தால் வரும் நோய். 'எம்பாச்சோ' என்பது தின்ற பண்டம் வயிற்றுக்குள்ளே ஒட்டிக்கொண்டதாக எண்ணும் நோய். நம் பாட்டிமார் தொக்கம் என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதுவேதான். வயிற்றை எண்ணெய் தொட்டு நீவுவார்கள். முதுகுத் தோலைப் பிடித்து இழுத்து விடுவார்கள். நீவுவதால் பெரிய கேடில்லை. கேடு வேறிடத்தில் இருந்தது.

1981ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு குழந்தைக்கு ஈய நஞ்சு ஏறியிருப்பது தெரியவந்தது. காரணம், எம்பாச்சோவுக்குக் கொடுத்த 'அசார்கோன்' என்ற ஆரஞ்சு நிறப் பொடி. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் சிவப்புப் பூச்சில் சேர்ப்பார்களே, அதே ஈயச் செந்தூரம்தான் அது. நூற்றில் தொண்ணூறு பங்கு ஈயம். 'கிரெத்தா' என்ற மஞ்சள் பொடியும் ஈயந்தான். ஈயம் உடம்பில் ஏறினால் என்ன ஆகும்? வயிறு வலிக்கும், மலம் கட்டும், வாந்தி வரும். தாய் என்ன நினைப்பாள்? எம்பாச்சோ இன்னும் போகவில்லை என்று மறுபடியும் அதே பொடியைக் கொடுப்பாள். மருந்தே நோயின் வேடம் போட்டுக்கொண்டு வருகிறது! அளவு மிகுந்தால் வலிப்பு வரும். உயிர் போவதும் உண்டு. உயிர் தப்பினாலும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றிவிடும்.

இதில் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் மறைத்தாள் என்பது பாதி உண்மை. கேட்க வேண்டிய விதத்தில் அவளை யாரும் கேட்கவில்லை என்பது மறு பாதி. படித்த பணக்காரர்கள் மட்டும் சொல்லிவிடுகிறார்களா என்ன? 1990இல் அமெரிக்க மக்கள் அனைவரிடையேயும் எடுத்த ஓர் ஆய்வில், மூவரில் ஒருவர் ஏதோவொரு மாற்று வைத்தியம் செய்துகொண்டது தெரிந்தது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் தங்கள் டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை.

ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய தோழர் இருவரும், நோயாளியிடம் கேட்க வேண்டிய சில கேள்விகளை 1978இல் எழுதி வெளியிட்டார்கள். இந்த நோய்க்கு நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்கள்? இது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்? எந்த மருந்து கேட்கும் என்று எண்ணுகிறீர்கள்? இதில் உங்களுக்கு எது அதிக அச்சமாக இருக்கிறது? கேள்விகள் எளியவைதாம். ஆனால் டாக்டர் மாணவனாகி நோயாளியிடம் பாடம் கேட்கும் கேள்விகள் இவை. 1983இல் கலிபோர்னியாவில் பெர்லின், பவுக்ஸ் என்ற இருவர் இதை ஒரு பயிற்சி முறையாகவே வகுத்தார்கள். முதலில் காது கொடுத்துக் கேட்பது, பிறகு தம் கருத்தை விளக்குவது, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மாறுபடுகின்றன என்று ஒப்புக்கொண்டு பேசுவது, அதன் பிறகே மருந்து சொல்லி, நோயாளியோடு கலந்து ஒரு முடிவுக்கு வருவது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் 'காயிதா தெ மொயேரா' நல்ல எடுத்துக்காட்டு. குழந்தையின் உச்சிக்குழி உள்ளே விழுந்துவிட்டது என்பது இதன் பொருள். சிலர் கட்டை விரலால் மேலண்ணத்தை அழுத்துவார்கள். சிலர் தலைகீழாகப் பிடித்து உலுக்குவார்கள். இப்படி உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியக்கூடும். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று டாக்டர் சீறினால் தாய் மறுமுறை வரமாட்டாள். விவரம் தெரிந்த டாக்டர் எப்படிப் பேசுவார் என்று எண்ணிப் பாருங்கள்.

"உச்சிக்குழி விழுந்திருப்பதை நானும் பார்க்கிறேன் அம்மா. நீங்கள் சரியாகத்தான் கண்டுபிடித்தீர்கள். பேதியில் உடம்புத் தண்ணீர் போய்விட்டதால் குழி விழுந்திருக்கிறது. தண்ணீர் ஏறினால் அது தானே மேலே வரும். உலுக்க வேண்டாம்."

தாய் கண்ட அடையாளம் பொய்யில்லை. காரணம் மட்டுமே வேறு. டாக்டர் கொடுப்பது உப்பும் சீனியும் கலந்த நீர். கடைப் பொட்டலம் கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஆனால் உச்சிக்குழி விழுந்த குழந்தையை வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. மருந்தகத்துக்குப் போகும் வழியிலும் புகட்டிக்கொண்டே போக வேண்டும்.

எல்லா நாட்டு மருந்தையும் டாக்டர்கள் தடுப்பதில்லை. 'மன்சனீயா' என்ற சீமைச்சாமந்திப்பூத் தேநீரைப் பெரியவர்கள் குடித்தால் பெரும்பாலும் கேடில்லை. அதில் தேன் கலந்து ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுப்பதைத்தான் தடுப்பார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். நீரிழிவுக்காரர்கள் 'நோப்பால்' என்ற சப்பாத்திக்கள்ளியைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அது இரத்தத்தில் சீனியைக் குறைக்கக்கூடியதுதான். மாத்திரையும் குறைக்க, கள்ளியும் குறைக்க, சீனி அளவுக்கு மேல் இறங்கி ஆள் மயங்கி விழக்கூடும். டாக்டருக்குத் தெரிந்திருந்தால் மாத்திரையின் அளவைப் பார்த்துக் கொடுப்பார்.

மொழியும் ஒரு தடை. ஸ்பானிஷ் தெரியாத டாக்டர், கூட வந்த பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வதுண்டு. தாயின் மாதவிலக்கைப் பற்றியும் கருவைப் பற்றியும் பத்து வயதுப் பையன் எப்படிச் சொல்வான்? ஆகவேதான் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும் என்று அங்கே வற்புறுத்துகிறார்கள்.

இப்போது அங்குள்ள மருந்தகங்களில், "உங்களிடம் இருக்கும் பொடியையும் வேரையும் பொட்டலத்தோடு கொண்டு வாருங்கள்" என்று சொல்கிறார்கள். பொடியில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கலாம். குழந்தையின் இரத்தத்தையும் சோதிக்கலாம். எந்தக் கடையில் வாங்கியது என்று தாய் சொல்லிவிட்டால், அதே பொடியை வாங்கிய அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் தேடிப் போய்ப் பார்க்க முடிகிறது.