கைப்பேசியில் ஒரு மருத்துவக் குறிப்பு: எழுத்தில் தெளிவு இருக்கிறதா?

நள்ளிரவில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு தொடங்குகிறது. மருத்துவமனையோ தொலைவில் இருக்கிறது. தாய் கைப்பேசியை எடுத்துத் தேடுகிறார். நொடிப்பொழுதில் திரையில் பல குறிப்புகள் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று இவ்வாறு கூறுகிறது: “தண்ணீரில் சிறிது உப்பும் சர்க்கரையும் கலந்து அவ்வப்போது கொடுக்கவும்.”

இவ்வாக்கியத்தில் பொய் இல்லை, எழுத்துப்பிழையும் இல்லை. ஆயினும் அத்தாய்க்கு இது உதவாது. எவ்வளவு தண்ணீர்? ‘சிறிது’ என்றால் எவ்வளவு? இவற்றுக்கு விடை இல்லாத குறிப்பு, படிப்பவரைத் தம் மனம்போன போக்கில் கலக்க விட்டுவிடுகிறது.

அதே செய்தியைத் தெளிவாக எழுதினால் இப்படி அமையும்: “ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கவும்.” உப்பு மிகுந்தால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்கே மிகும். ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கரைப்பதும் அத்தகைய தவறே.

1971ஆம் ஆண்டில் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த முகாம்களில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைப் பெருமளவில் பயன்படுத்தினார். நோயாளிகளின் உறவினர்களே அதனைப் புகட்டினார்கள். இறப்புகள் பெரிதும் குறைந்தன. மருத்துவம் பயிலாதவர்களும் உயிர் காக்கலாம் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்படும் அளவு திட்டமாக இருக்க வேண்டும்.

அளவும் அலகும்

‘ஒரு ஸ்பூன்’ என்று எழுதுவது எளிது. தேக்கரண்டி 5 மில்லி லிட்டர் கொள்ளும். மேசைக்கரண்டி 15 மில்லி லிட்டர் கொள்ளும். எந்த ஸ்பூன் என்று கூறாத குறிப்பு, மருந்தை மும்மடங்காக்கிவிடக் கூடும்.

குழந்தைகளின் காய்ச்சலுக்குத் தரப்படும் பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். சொட்டு மருந்தாக வருவதில் பெரும்பாலும் 1 மில்லி லிட்டரில் 100 மில்லி கிராம் மருந்து இருக்கும். சிரப்பாக வருவனவற்றில் ஒரு வகையில் 5 மில்லி லிட்டரில் 125 மில்லி கிராமும், மற்றொரு வகையில் 250 மில்லி கிராமும் இருக்கும். “5 மில்லி கொடுங்கள்” என்று மட்டும் எழுதிய குறிப்பை நம்பிச் சொட்டு மருந்தை 5 மில்லி லிட்டர் கொடுத்தால், குழந்தையின் வயிற்றுக்குள் 500 மில்லி கிராம் சென்றுவிடும். மருந்தின் செறிவையும் குழந்தையின் எடையையும் குறிப்பிடாத எந்த அளவையும் பின்பற்றலாகாது.

ஒரு சொல், வேறு பொருள்

இணையத்தில் உள்ள தமிழ்க் குறிப்புகளுள் பல, கணினி மொழிபெயர்த்தவை. அவற்றில் சொற்கள் தமிழாக இருக்கும். பொருள் மட்டும் நம்மை வந்து சேராது. “காசநோய்ச் சோதனை முடிவு நேர்மறை” என்று ஒரு குறிப்பில் படிக்கிறோம். ‘நேர்மறை’ என்பதை நாம் நல்லதைக் குறிக்கவே வழங்குகிறோம். ஆதலால் நோய் இல்லை என்று எண்ணி ஒருவர் மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடலாம். “சளியில் காசநோய்க் கிருமி இருப்பது தெரிகிறது” என்று எழுதியிருந்தால் அக்குழப்பமே எழாது.

பக்கவாதம் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடுவதாலோ இரத்தக்கசிவாலோ வருவது. முடக்குவாதம் மூட்டுகளைத் தாக்குவது. முன்னதற்கு ஒவ்வொரு நிமிடமும் அரியது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். இரண்டையும் ‘வாதம்’ என்று பொதுவாக எழுதி எண்ணெய்த் தேய்ப்பைப் பரிந்துரைக்கும் குறிப்பு, உயிர் காக்கும் நேரத்தை வீணாக்கிவிடும்.

முடக்குவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டியது. ‘வாரம்’ என்ற ஒரு சொல் விடுபட்டு, நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அழகிய நடை போதுமா?

போதாது. பிழையின்றி, இனிய நடையில் எழுதப்பட்ட பொய்யும் உண்டு. “நூற்றுக்கு நூறு குணம்”, “பக்கவிளைவே இல்லை”, “மருத்துவர்கள் மறைக்கும் இரகசியம்” என்னும் தொடர்களைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். நல்ல மருத்துவ எழுத்து தன் எல்லையையும் கூறும். எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதையும் கூறும்.

படிக்கும்போது கேட்க வேண்டியவை

• எழுதியவர் யார்? அவரது தகுதியும் நிறுவனமும் குறிப்பிடப்பட்டுள்ளனவா?
• எப்போது எழுதப்பட்டது?
• யாருக்காக எழுதப்பட்டது? குழந்தைகள், கருவுற்ற பெண்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்குத் தனி எச்சரிக்கை உண்டா?
• அளவு, அலகு, வேளை, நாள் ஆகியவை தெளிவாக உள்ளனவா?
• எந்த அறிகுறி தோன்றினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று கூறுகிறதா?
• எதையேனும் விலைக்கு விற்கிறதா?

இவற்றுள் ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும், அக்குறிப்பை மருத்துவரிடமோ செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். “இதைப் படித்தேன், சரிதானா?” என்று கேட்கத் தயங்க வேண்டாம். நீங்கள் எதை நம்பியிருக்கிறீர்கள் என்பது தெரிந்தால்தான் எங்களாலும் உரிய விளக்கம் தர இயலும்.

இறுதியாக ஒன்று. ஒரு குறிப்பை உறவினர் குழுவிற்கு அனுப்பும்போது அதற்கு நீங்களும் பொறுப்பாளர் ஆகிறீர்கள். அதைவிட முக்கியமானது வீட்டில் நீங்களே எழுதும் எழுத்து. இரவில் நோயாளியுடன் தங்கப்போகும் தம்பிக்கு “அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிடு” என்று செய்தி அனுப்பாதீர்கள். மருந்துச்சீட்டைப் பார்த்து, மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, உணவுக்கு முன்னா பின்னா என்று நான்கையும் எழுதுங்கள். அதை எழுத ஒரு நிமிடம் போதும். அம்மாவின் இரவு அமைதியாகக் கழியும்.