30 கின்னிக்கோழி முட்டை: சென்னை வீட்டுக்கு ஒரு பொரிப்புக் கணக்கு

நந்தனம் என்றால் பலருக்கு அண்ணா சாலை சிக்னல் நினைவுக்கு வரும். கோழி வளர்ப்பவர்களுக்கோ நந்தனம் கோழி, நந்தனம் வான்கோழி, நந்தனம் காடை என்ற இனங்கள்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் தியாகராய நகரையும் மயிலாப்பூரையும் ஒட்டிய அந்த நந்தனத்தில்தான் இயங்கியது. பிறகு மாதவரத்துக்கு மாறியது. நாம் பார்க்கப்போகும் கின்னிக்கோழியிலோ உத்தரப்பிரதேசத்து இஸத்நகர் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் காதம்பரி, சிதாம்பரி, ஸ்வேதாம்பரி என்று 3 இனங்களைத் தந்திருக்கிறது.

இந்தப் பறவையை வீட்டு இன்குபேட்டரில் பொரிக்க விரும்புவோர் முதலில் கேட்பது முட்டை விலையைத்தான். ஆனால் குஞ்சின் விலையைத் தீர்மானிப்பது பொரிப்பு விகிதம். சென்னையில் அந்த விகிதத்தைப் பெரிதும் தீர்மானிப்பது தண்ணீர்.

செலவு

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதி விலையைப் போட்டுப் பாருங்கள்.

- முட்டை 30, ஒன்று 20 ரூபாய்: 600 ரூபாய்
- மின்சாரம், சராசரி 40 வாட், 28 நாள்: 27 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் 135 ரூபாய்
- 6,000 ரூபாய் இயந்திரம், 10 அடைக்குப் பங்கிட்டால்: 600 ரூபாய்
- மொத்தம்: 1,335 ரூபாய்

குஞ்சு ஒன்றின் அடக்கவிலை

- 12 குஞ்சு பொரிந்தால், ஒன்றுக்கு 111 ரூபாய்
- 18 பொரிந்தால் 74 ரூபாய்
- 22 பொரிந்தால் 61 ரூபாய்

பேரம் பேசி முட்டைக்கு 5 ரூபாய் குறைத்தால், 18 குஞ்சுக் கணக்கில் தலைக்கு 8 ரூபாய் மிச்சம். 12 பொரியும் இடத்தில் 18 பொரிக்கச் செய்தால் 37 ரூபாய் மிச்சம். கவனத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

நாள், சூடு, திருப்பல்

கின்னிக்கோழி முட்டை ஏறக்குறைய 40 கிராம். ஓடு கோழிமுட்டையினதைவிடக் கெட்டி. பொரிய 26 முதல் 28 நாள். மின்விசிறி உள்ள இயந்திரத்தில் சூடு 37.5 டிகிரி செல்சியஸ். இட்டு 7 நாளுக்கு மேற்பட்ட முட்டையை வைக்க வேண்டாம். தினமும் 3 முதல் 5 முறை திருப்பி, 25-ஆம் நாளோடு நிறுத்த வேண்டும். 10-ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்துக் கூமுட்டைகளை எடுத்துவிடலாம்.

தண்ணீர்க் கணக்கு

முதல் 25 நாள் உள்ளே 55 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் போதும். கடைசி 3 நாளுக்கு 70 வேண்டும். அடையாற்றில் கடற்காற்று வீசும் அறையில் 30 டிகிரி சூடும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாகக் கொள்வோம். அதே காற்றை இயந்திரம் 37.5 டிகிரிக்குச் சூடாக்கும்போது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே உள்ளே ஏறக்குறைய 49 விழுக்காடு இருக்கும். ஒரு சிறு கிண்ணத் தண்ணீர் போதும். கையேட்டைப் பார்த்து இயந்திரத்தின் இரண்டு தண்ணீர் வாய்க்காலையும் நிரப்பினால் முட்டை போதுமான அளவு உலராது. காற்றறை சிறுத்துப்போய், குஞ்சு ஓட்டைக் கொத்தும் நேரத்தில் மூச்சுமுட்டிச் சாகும்.

அதே இயந்திரத்தை ஏசி அறையில் வைத்தால் கணக்கு தலைகீழ். 24 டிகிரி, 50 விழுக்காட்டுக் காற்று சூடானதும் 23 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அப்போது சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். இங்கே வாய்க்கால்களை நிரப்பித்தான் ஆக வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான அளவுகோல் எடை. 25 நாளில் முட்டை 12 விழுக்காட்டை ஒட்டி இளைக்க வேண்டும். சராசரி எடை இப்படி இறங்கினால் சரி:

- முதல் நாள்: 40.0 கிராம்
- 7-ஆம் நாள்: 38.7
- 14-ஆம் நாள்: 37.3
- 21-ஆம் நாள்: 36.0
- 25-ஆம் நாள்: 35.2

எடை இதைவிடக் கூடுதலாக நின்றால் தண்ணீரைக் குறையுங்கள். வேகமாக இறங்கினால் கூட்டுங்கள். இதற்குச் சமையலறைத் தராசு ஒன்று போதும்.

கத்திரி வெயில்

கின்னிக்கோழி முட்டையிடும் காலம் பெரும்பாலும் மார்ச் முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழைக்கால மின்தடையிலிருந்து தப்பலாம்; கத்திரியிலிருந்து தப்ப முடியாது. 2003 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. வீட்டு இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை 38 டிகிரியைத் தாண்டினால் முட்டையும் தாண்டும். கீழ்த்தளத்து நிழலான அறையே ஏற்றது.

பொரிந்த பின்

முதல் வாரம் 35 டிகிரிச் சூடு, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். தீவனத்தில் 24 விழுக்காடு புரதம் வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். இல்லாவிட்டால் குஞ்சுகள் தண்ணீரில் விழுந்து சாகும். வளர்ந்த பறவையின் கத்தல் தெருவையே எழுப்பும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பொரிக்கலாம், வளர்க்க முடியாது. செங்கல்பட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே பேசிவைத்துவிட்டு அடை வையுங்கள்.

இயந்திரம் வாங்கும் அன்றே தராசும் ஈரப்பதமானியும் வாங்குங்கள். மேலே பட்டியலிட்ட 5 நாள் எடையை ஒரு நோட்டில் எழுதுங்கள். கருவோடு இருந்தும் வெளியே வராமல் சாகும் குஞ்சுகளில் பலவற்றை அந்த ஒரு பக்கக் கணக்கு காப்பாற்றும்.