சாரல் வந்தால் முளைக்கும் கடைத்தெரு!

குற்றாலம் என்றதும் எல்லோருக்கும் அருவிதான் நினைவுக்கு வரும். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்கள் அடுத்தபடியாக எங்கே போகிறார்கள்? கடைத்தெருவுக்கு!

ஒரு கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெயில் பொரிகிறது. பக்கத்துக் கடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கின்றன. துண்டு, வளையல், பொம்மை, அல்வா, மிளகு, கிராம்பு... எதுதான் இல்லை? பெரிய நகரங்களில் ‘மால்’ என்று சொல்கிறார்களே, அதைப் போல எல்லாம் ஒரே இடத்தில்! ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே பல கடைகள் சீசனோடு முளைக்கும், சீசனோடு மறையும்.

கணவாய் தரும் காற்று

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் மூன்று மைல்தான். கோடையில் சுற்று வட்டாரம் முழுவதும் வெயிலில் காயும். ஜூன் மாதம் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று புகுந்து வரும். பூப்போலச் சாரல் விழும். மலையில் பெய்த மழை அருவியாகக் கொட்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிய மூன்று மாதங்களே முக்கியமான சீசன்.

குளிர்ச்சியைத் தேடி ஜனங்கள் வந்தார்கள். ஜனங்களைத் தேடிக் கடைகள் வந்தன. 1903-ம் ஆண்டில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தூரத்து ஊர்க்காரர்களும் குடும்பத்தோடு வருவது அதன் பிறகு சுலபமாயிற்று.

கம்பெனியார் போட்ட தோட்டம்

கடையில் உள்ள சரக்குக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1800-ம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் வாசனைச் சரக்குத் தோட்டம் போட்டார்கள். ஜாதிக்காய், கிராம்பு, பட்டை ஆகியவற்றைப் பயிரிட்டார்கள். மங்குஸ்தானும் கடல் கடந்து வந்த பழம்தான். அது மலாய் நாட்டுப் பக்கத்தைச் சேர்ந்தது. சமவெளியின் வறண்ட வெயில் அதற்கு ஆகாது. குற்றால மலையின் ஈரமும் நிழலும் அதற்குப் பிடித்துவிட்டன!

இயந்திரச் சாரல்

இனி, அமெரிக்காவைப் பார்ப்போம். மினியாபொலிஸ் நகரத்தின் புறநகர் எடினா. அங்கே 1956-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி ‘சவுத்டேல்’ என்ற கட்டடம் திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் 72 கடைகள்! இன்றைய மால்களுக்கு அதுவே முன்மாதிரி.

அதை அமைத்தவர் விக்டர் குரூன். வியன்னாவில் பிறந்த யூதர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1938-ல் அமெரிக்கா சென்றவர். எடினாவில் குளிர்காலத்தில் பனி கொட்டும். கோடையில் புழுங்கும். ஆகவே கட்டடத்துக்குள் ஆண்டு முழுவதும் ஒரே இதமாக இருக்கும்படி இயந்திரம் வைத்தார். நடுவிலே மரம் செடிகள் வைத்தார். பறவைக் கூண்டும் வைத்தார். ஜனங்கள் கூடிப் பேசும் ஊர்ப் பொது இடமாக அது விளங்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிற்காலத்தில் மால்கள் வெறும் வியாபாரக் கட்டடங்களாகி, சுற்றிலும் கார் நிறுத்தும் பொட்டல்கள் பெருகியதைக் கண்டு அவரே மனம் கசந்தார்.

அங்கே இயந்திரம் செய்த வேலையை இங்கே சாரல் செய்கிறது. மின்சாரக் கட்டணம் கிடையாது! ஆனால், நினைத்தபோது சாரலை வரவழைக்க முடியுமா?

மூன்று மாதப் பிழைப்பு

இதுதான் குற்றாலத்துச் சீசன் வியாபாரிகளின் கவலை. ஏலத்தில் இடம் எடுக்க வேண்டும். பந்தல் போட வேண்டும். சரக்கு வாங்கி நிரப்ப வேண்டும். சாரல் பொய்த்தால் கூட்டம் இல்லை. மழை மிஞ்சினாலும் நஷ்டமே. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை விழுந்துவிடும்.

2024-ம் ஆண்டு மே 17-ந் தேதி, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. உயிரைக் காக்கும் தடைதான். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தடை உள்ள நாளெல்லாம் கடைகளில் ஈ ஆடாது.

தண்ணீர் மட்டுமா? நெருப்பும் உண்டு. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குற்றாலநாதர் கோவில் அருகே தற்காலிகக் கடைகளில் தீப்பிடித்தது. பல கடைகள் சாம்பலாயின. சீசன் லாபம் மட்டுமல்ல, போட்ட முதலும் அதோடு போயிற்று.

கடைக்கும் கடைக்கும் இடைவெளி வேண்டும். தீ எளிதில் பற்றாத கூரை வேண்டும். அடுப்பும் எரிவாயு சிலிண்டரும் தனியே ஒதுங்கி இருக்க வேண்டும். ஏலம் விடும்போதே இவற்றைக் கண்டிப்பாக்கினால் வியாபாரிகளும் பிழைப்பார்கள். வருகிற குடும்பங்களும் அச்சமின்றி நடமாடலாம்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கலக்கக் கூடாது என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2014-ம் ஆண்டிலேயே தடை விதித்தது. அடுத்த சீசனுக்குப் போகும்போது அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு துணிப்பையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது அதில் மங்குஸ்தான் நிறைந்திருக்கட்டும்!