சாலையைக் கடந்த தேவாலயம்

1982-ல் ஆக்லாந்தின் பார்னெல் சாலையை ஒரு தேவாலயம் கடந்தது. செயின்ட் மேரீஸ் ஆலயத்தை முழுசாகப் பெயர்த்தெடுத்து, எதிர்ப்புறம் கொண்டுபோய், 90 டிகிரி திருப்பி, ஹோலி டிரினிட்டி பேராலயத்துக்குப் பக்கத்தில் அமர்த்தினார்கள். சின்னக் கட்டடம் அல்ல. மரத்தாலான கோதிக் தேவாலயங்களில் உலகிலேயே பெரியவற்றில் இதுவும் ஒன்று.

கோதிக் என்றாலே கல்தான் நினைவுக்கு வரும். இடைக்கால இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் எழுந்த ஆலயங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. கிழக்கே பீடம், மேற்கே மக்கள் கூடும் நீண்ட மண்டபம், கூர்முனை வளைவுகள், செங்குத்துக் கூரை, அது தள்ளும் பாரத்தைத் தாங்க வெளியே முட்டுச்சுவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கு இந்தப் பழமைமீது திரும்பவும் மோகம் பிறந்தது. 1839-ல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம் அதற்கே ஏற்பட்டது. நியூசிலாந்தின் முதல் பிஷப் ஜார்ஜ் அகஸ்டஸ் செல்வினுக்கு அது பரிந்துரைத்தது தடித்த கல்சுவர் கொண்ட நார்மன் பாணியை. ஊரில் உட்கார்ந்து யோசனை சொல்வது சுலபம்!

1842-ல் வந்திறங்கிய செல்வினும் கல்லைத்தான் முதலில் நம்பினார். கடலோரத்தில் கட்டிய செயின்ட் ஸ்டீபன்ஸ் சிற்றாலயம் 1847-ல் புயலில் இடிந்தது. தாமாகியில் எரிமலைக் கல்லால் எழுப்பிய செயின்ட் தாமஸும் நிலைக்கவில்லை. சாந்தில் உப்பு மணல் கலந்தால் என்ன ஆகும் என்று நம்மூர்க் கொத்தனாரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

மரத்துக்கு மாறியதும் வேலை ஓடியது. ஹோவிக்கின் ஆல் செயின்ட்ஸ் ஆலயத்துக்கான சட்டங்களை செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் தயாரித்து, படகில் ஏற்றிக் கொண்டுபோய் 1847-லேயே நிறுத்திவிட்டார்கள். கல்லூரியின் சொந்தச் சிற்றாலயத்தில், பலகைக்குப் பின்னால் மறையவேண்டிய சட்டங்கள் வெளிச்சுவரிலேயே எலும்பாய்த் தெரியும். செயின்ட் ஸ்டீபன்ஸையும் மரத்தில் திரும்பக் கட்டினார்கள். 1857 ஜூன் 13 அன்று நியூசிலாந்து ஆங்கிலிக்கன் திருச்சபையின் அரசியலமைப்பு கையெழுத்தானது அந்தக் குட்டி ஆலயத்தில்தான்.

இந்த வழியின் உச்சம்தான் செயின்ட் மேரீஸ். கிறைஸ்ட்சர்ச்சின் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் மவுண்ட்ஃபோர்ட் வடிவமைக்க, 1886-ல் வேலை தொடங்கி 1888-ல் வழிபாடு ஆரம்பமானது. வட நியூசிலாந்துக் காடுகளின் கவுரி மரம் நெடிதாக, நேராக வளர்வது. அகலப் பலகைகள் தரும். மவுண்ட்ஃபோர்ட் அதைக் கல்போல வேஷம் கட்டவில்லை. உள்ளே அண்ணாந்து பார்த்தால் வளைவுகளும் உத்தரங்களும் மரமாகவே நிற்கின்றன.

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் ஒரு செயின்ட் மேரீஸ் உண்டு. 1680-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பீரங்கிக்கு அஞ்சி 4 அடிச் சுவர், 2 அடிக் கனத்தில் வளைகூரை. அதை யாரும் நகர்த்த முடியாது.

பார்னெலில் நகர்த்தக் காரணம் இருந்தது. 1888 முதல் பேராலயமாக விளங்கியது செயின்ட் மேரீஸ். எதிர்ப்புறம் புதுப் பேராலயத்துக்கு 1957-ல் அடிக்கல் நட்டு, 1973-ல் பீடப்பகுதியைத் திறந்ததும் அந்தப் பதவி போனது. பழையதைக் கைவிட மனமில்லாமல் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார்கள். புதியதன் மண்டபம் நிறைவேற 1995 ஆனது. அதற்கு 13 ஆண்டுகள் முன்பே இது வந்து உட்கார்ந்துவிட்டது.