கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பனையோலைப் பரிசுகளும் வீட்டு அலங்காரங்களும்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் தேரி நிலத்து ஊர்களில் டிசம்பர் மாதம் பிறந்தவுடன் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடும். வீடுகளுக்கு வெள்ளையடிப்பர், வாசலில் விண்மீன் விளக்கைக் கட்டுவர், சென்னையிலும் மும்பையிலும் தொழில் செய்யும் மக்கள் இரயிலேறி ஊர் வந்து சேருவர். இவ்வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்புறம் பனைமரங்கள் நிற்கின்றன. அவற்றினின்று உதிரும் ஓலைகள் கேட்பாரின்றி மட்கிப் போகின்றன. அதே வீட்டின் வாசலிலோ, கடையிற் காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் தோரணங்கள் தொங்குகின்றன. ஜனவரி முதல் வாரத்தில் அவை குப்பையிற் சேர்ந்து, மழை நீரோடு வாய்க்காலையும் வயலையும் அடைகின்றன.

வீட்டிலும் தோட்டத்திலும் கிடைக்கும் ஓலை, மூங்கில், வைக்கோல், தானியம் ஆகியவற்றைக் கொண்டே பண்டிகைக்கு வேண்டிய பரிசுகளையும் அலங்காரங்களையும் செய்துகொள்ளலாம். இதனாற் காசு மிச்சமாவது ஒரு நன்மை. ஓலைக்கு ஒரு பயன் இருக்கும்வரை பனைமரத்தின்மேற் கோடரி விழாதென்பது அதனினும் பெரிய நன்மையாகும்.

பனையும் பண்டிகையும்

முத்துக்குளித்துறைக் கடற்கரைக்குப் பிரான்சிஸ் சவேரியார் வந்தது 1542-ஆம் ஆண்டில். உள்நாட்டுத் தேரிப் பகுதியில் இடையன்குடிக்குக் கால்டுவெல் வந்து தங்கியது 1841-ஆம் ஆண்டில். இப்பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் முதன்முதல் எழுந்த கோயில்கள் பனந்தூலமும் ஓலைக்கூரையும் கொண்டவையே. பதனீர் குடித்தது ஓலைப் பட்டையில். தானியம் புடைத்தது ஓலைச் சுளகில். பண்டம் சுமந்தது நார்க் கடகத்தில். பண்டிகையின்போது பலகாரங்களை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதும் ஓலைப் பெட்டியிலேதான்.

கைவேலையினாற் பெண்மக்கள் பொருளீட்டுவதும் இப்பகுதிக்குப் புதிதன்று. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய பின்னல் வேலையை அவர் மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அம்மையார் இடையன்குடியிற் பரப்பினார். அந்த வேலைக்கு நூல் வாங்கியாக வேண்டும். ஓலை வேலைக்கோ அச்செலவும் இல்லை.

ஓலையைப் பக்குவம் செய்தல்

பின்னலுக்கு ஏற்றது விரியாத குருத்தோலை. முதிர்ந்த பச்சை ஓலை தடித்து, மடிக்கும்போது வெடிக்கும். ஆளுயரத்துக்குள் நிற்கும் வடலிகளிலிருந்து குருத்தை எடுப்பது எளிது; மரமேறும் ஆளும் வேண்டியதில்லை.

காலம் அறிந்து செய்ய வேண்டிய வேலை இது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்வதால் அப்போது வெட்டும் ஓலை காயாமற் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். ஆதலின் டிசம்பர் வேலைக்கு வேண்டிய ஓலையைப் புரட்டாசி வெயிலிலேயே வெட்டிக் காயவைத்து, சுருட்டிக் கட்டி, அடுப்படிப் பரணில் ஈரம் படாது வைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தவறவிட்டவர்கள் மழை வெறித்த நாட்களிற் சிறிதளவு ஓலையை மட்டும் காயவைத்துச் சிறு பொருள்களைச் செய்வது நலம்.

குருத்தை மடிப்பு மடிப்பாகக் கிழித்து, ஒவ்வோர் இதழின் நடுவிலுள்ள ஈர்க்கை நீக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தினால் ஓலை வெளுத்து உறுதிப்படும். பின்னுவதற்குச் சற்று முன்பு நனைத்துப் பிழிந்த துணியிற் சுற்றி வைத்தால் ஓலை துவளும். சாயம் வேண்டுவோர் ஓலையைப் படிகாரம் சேர்த்த சாய நீரிற் கொதிக்கவைத்து நிழலில் உலர்த்தலாம். பதங்கக் கட்டை சிவப்பு நிறம் கொடுக்கும்; மஞ்சள் நல்ல நிறம் தரினும் வெயிலில் விரைவில் மங்கும். எல்லா ஓலைக்கும் சாயமேற்றத் தேவையில்லை. வெள்ளோலைக்கு நடுவே ஒன்றிரண்டு சிவப்பு நாடாக்கள் ஓடினாலே பெட்டி அழகு பெறும்.

பரிசுப் பெட்டி

நான்கு அங்குலச் சதுரமும் மூன்று அங்குல உயரமும் உள்ள மூடியிட்ட பெட்டியே புதிதாகக் கற்பவர்க்கு ஏற்றது. அரை அங்குல அகலமும் 14 அங்குல நீளமும் உள்ள நாடாக்கள் 16 வேண்டும். எட்டு நாடாக்களை நெருக்கமாகப் பரப்பி, மற்ற எட்டையும் குறுக்கே ஒன்று விட்டு ஒன்றாக நுழைத்தால், நடுவில் நான்கு அங்குலச் சதுரம் அமையும். இதுவே அடிப்பாகம். நான்கு பக்கமும் நீண்டிருக்கும் முனைகளை ஓரத்தில் நன்றாக மடித்து மேல்நோக்கி நிமிர்த்த வேண்டும்.

பிறகு 18 அங்குல நீளமுள்ள ஆறு நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிப் பின்ன வேண்டும். சுற்றளவு 16 அங்குலம். மீதி இரண்டு அங்குலம் முனையை மறைத்துச் செருகுவதற்காம். ஆறாம் சுற்று முடிந்தபின் நிற்கும் முனைகளை உட்புறமும் வெளிப்புறமும் மாறி மாறி மடித்துப் பின்னலுக்குள் செருகிவிட்டால் வாய் பிரியாது.

மூடிக்கு 12 அங்குல நாடாக்கள் 16-உம், சுற்று நாடாக்கள் மூன்றும் போதும். மூடியின் நாடாக்களை நூலளவு அகலமாக வார வேண்டும். இல்லையேல் மூடி பெட்டியின்மேல் இறங்காது. முதற் பெட்டி கோணலாகத்தான் வரும். நாடாக்கள் ஒரே அகலமாக இல்லாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். பின்னும் கை திருந்துவதற்கு முன் வாரும் கை திருந்த வேண்டும்.

ஒரு குருத்தில் அறுபதுக்கு மேற்பட்ட இதழ்கள் இருக்கும். பெட்டிக்கும் மூடிக்குமாக ஏறக்குறைய 40 நாடாக்களே செலவாவதால், ஒரே குருத்திலிருந்து பல பெட்டிகள் பின்னலாம்.

பெட்டிக்குள் வைப்பதற்கு

கருப்பட்டி, பனங்கற்கண்டு, முறுக்கு, அதிரசம் ஆகியவை ஓலைப் பெட்டிக்குப் பொருத்தமானவை. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. மழைக்காலக் காற்றில் கருப்பட்டி ஈரத்தை இழுத்துக் கசியும். எனவே அதைப் பரணிலேயே வைத்திருந்து, கொடுக்கும் நாளில் உலர்ந்த வாழைச்சருகு விரித்த பெட்டியில் வைக்க வேண்டும். சர்க்கரை கலந்த கருப்பட்டியும் சந்தைக்கு வருவதால், காய்ச்சுவோரை அறிந்து அவரிடமே வாங்குதல் நன்று.

விவசாயக் குடும்பங்கள் விதையையும் பரிசாக அளிக்கலாம். பீர்க்கு, புடலை, சுரை, அவரை, கத்தரி ஆகியவற்றின் முற்றிய விதைகளைத் தனித்தனியே சுத்தம் செய்து, நிழலில் நன்றாக உலர்த்தி, சிறிது அடுப்புச் சாம்பல் கலந்து ஓலைக் கொட்டான்களிற் கட்டிக் கொடுத்தால், தைப் பட்டத்திற்கு அவை பயன்படும். பலகாரம் பண்டிகையோடு தீரும். விதையோ ஆண்டு முழுதும் கொடுத்தவரை நினைப்பூட்டும்.

ஓலை விண்மீனும் கிலுகிலுப்பையும்

குருத்தோலை ஞாயிறன்று சிறுவரும் ஓலையைச் சிலுவையாக மடிக்கக் கற்றிருப்பர். அதே கை கிறிஸ்துமஸ் காலத்தில் விண்மீனும் செய்யும். அரை அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் உள்ள மூன்று ஓலைத் துண்டுகளை நடுவிற் குறுக்காக அடுக்கி, ஆறு முனைகளும் சம இடைவெளியில் நிற்குமாறு நூலாற் கட்டி, முனைகளைக் கூராகக் கத்தரித்தால் ஓர் ஓலை விண்மீன் ஆயிற்று. இவற்றைச் சணல் கயிற்றில் வரிசையாகக் கட்டினால் வாசலுக்குத் தோரணமாகும். சிறு பெட்டிக்குள் ஒரு கைப்பிடிக் கூழாங்கற்களையோ காய்ந்த விதைகளையோ இட்டு வாயை இறுகப் பின்னிவிட்டால் குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பையாம். பின்னல் தளர்ந்து கல் வெளியே வராதபடி பார்த்துக்கொள்வது அவசியம்.

வாசல் விளக்கு

விண்மீன் விளக்குக்கு 24 அங்குல நீளமுள்ள மெல்லிய மூங்கிற் பிளாச்சுகள் பத்து வேண்டும். ஐந்து பிளாச்சுகளை ஐங்கோண விண்மீனாக வைத்து முனைகளைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பிளாச்சிலும் முனையிலிருந்து ஏறக்குறைய ஒன்பது அங்குலத்தில் மற்றொன்று குறுக்கிடுமானால் வடிவம் சரியாயிருக்கும். இவ்வாறே இரண்டாவது விண்மீனையும் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளிலும் இணைக்க வேண்டும். நடுவிலுள்ள ஐந்து குறுக்கிடங்களிலும் நான்கு அங்குலக் குச்சிகளை நிறுத்திக் கட்டினால் கூடு உப்பி நிற்கும். பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாளை அரிசிக் கஞ்சிப் பசையால் ஒட்டி, விளக்கைச் செலுத்துவதற்குப் பின்புறம் ஒரு பக்கத்தை மட்டும் திறப்பாக விடலாம். தாளும் மூங்கிலும் எளிதில் தீப்பற்றுபவை. ஆகையால் உள்ளே மெழுகுவத்தி வைக்கலாகாது. சூடேறாத சிறிய மின்விளக்கே தகுந்தது. மழை படாத தாழ்வாரத்திற் கட்டினால் கூடு பல ஆண்டுகள் உழைக்கும். ஆண்டுதோறும் தாளை மட்டும் மாற்றினாற் போதும்.

குடிலும் முளைப்பயிரும்

பண்டிகை அலங்காரங்களுள் உழவர்க்கு மிக நெருக்கமானது கிறிஸ்து பிறப்புக் குடில். இத்தாலி நாட்டுக் கிரேச்சோ என்னும் சிற்றூரில் 1223-ஆம் ஆண்டிற் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பிறப்புக் காட்சியை அமைத்தார். குழந்தையைக் கிடத்திய முன்னணை என்பது கால்நடை தீவனம் தின்னும் தொட்டியே. ஆகையால் மெய்யான வைக்கோலும் மெய்யான பயிரும் குடிலுக்கு இயல்பாகவே பொருந்துகின்றன.

குடிலின் முன் பசும்புல் வேண்டுவோர் டிசம்பர் 14 அல்லது 15-ஆம் தேதியில் அகன்ற தட்டுகளில் ஓர் அங்குல உயரம் மணலும் மட்கிய எருவும் கலந்து பரப்பி, ஓரிரவு ஊறிய கேழ்வரகை அடர்த்தியாக விதைக்கலாம். அம்மன் கோயில் முளைப்பாரியை இருட்டறையில் வைத்து வெளிர் மஞ்சளாக வளர்ப்பது வழக்கம். குடிலுக்குப் பச்சை நிறம் வேண்டுமாதலால் முளை கண்டவுடன் தட்டை வெளிச்சத்தில் வைத்து, காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். பண்டிகை நாளில் பயிர் விரல் உயரம் நிற்கும்.

இதனோடு சிறுவர்க்கு மற்றொரு வேலையும் தரலாம். அடுத்த பட்டத்துக்கென்று வைத்திருக்கும் விதையில் நூறு மணிகளை எண்ணி, தனித் தட்டில் வரிசையாக விதைத்து, முளைத்தவற்றை எண்ணச் சொல்ல வேண்டும். சான்று பெற்ற விதைக்கு நெல்லில் நூற்றுக்கு 80-உம் கேழ்வரகில் 75-உம் குறைந்த அளவு முளைப்புத்திறனாகும். இதற்குக் குறைந்தால், விதைப்பதற்கு முன்பே வேறு விதை தேடிக்கொள்ளலாம். மருந்து கலந்த விதையைக் குடிற் பயிருக்கு உபயோகிக்கலாகாது. பண்டிகை முடிந்தபின் அப்பயிர் ஆட்டுக்கும் கோழிக்கும் தீவனமாக வேண்டுமன்றோ?

மரம் இருந்தால்தான் ஓலை

பனைக்கு வளரும் நுனி ஒன்றே. அது பழுதுபட்டால் மரமே பட்டுப்போகும். குருத்தை வெட்டும்போது அடியாழம்வரை கத்தியைச் செலுத்தலாகாது. மரம் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலையே விடுவதால், ஒரு குருத்தை எடுத்த வடலியில் அடுத்த சில ஓலைகள் விரிந்து முதிரும்வரை மறுபடி கை வைக்கலாகாது. தை, மாசியிற் பாளை சீவவிருக்கும் மரங்களிற் குருத்து எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். எனினும் செங்கற்சூளை விறகுக்கும் வீட்டுமனைக்குமாக ஏராளமான மரங்கள் வீழ்ந்துள்ளன. 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையிற் பனை வளர்ச்சிக்கென்று ஓர் இயக்கம் அறிவிக்கப்பட்டதோடு, மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவையென்றும் கூறப்பட்டது. சட்டம் மரத்தை வெட்டவிடாது தடுக்கலாம். ஆனால் பயனற்றதென்று கருதும் பொருளை எவரும் மனமுவந்து பேணமாட்டார். மரமேறுவோர் குறைந்து பதனீர் இறக்கப்படாது நிற்கும் தோப்புகளில், ஓலையொன்றே மரத்துக்குக் காவலாக இருக்கக்கூடும்.

ஓலை வேலையினால் ஒரு குடும்பம் முழுதும் பிழைத்துவிடலாம் என்று கூறுவது பொருந்தாது. கை பழகியவர்க்கும் ஒரு பெட்டி முடிக்கப் பொழுது பிடிக்கும். அதற்கேற்ற விலை எப்பொழுதும் கிடைப்பதில்லை. ஆயினும் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருப்பதால், ஓலைப் பெட்டியை விரும்பிக் கேட்போர் உளர். பண்டிகைக் காலம் அவர்களைச் சந்திக்க ஏற்ற காலமாகும்.

பொருளைவிட விரைந்து மறைவது கைத்திறமையே. கடகமும் சுளகும் பின்னத் தெரிந்த பெண்மணிகள் பல ஊர்களில் முதியவராகிவிட்டனர். பள்ளி விடுமுறையில் ஊருக்கு வரும் பேரப் பிள்ளைகள், பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து இரண்டு நாட் பழகினால் ஒரு பெட்டி பின்னக் கற்றுக்கொள்ளலாம். அவர்கள் திரும்பிச் செல்லும்போது கருப்பட்டி நிறைந்த அப்பெட்டியைக் கையிலேயே கொடுத்தனுப்பினால், பண்டிகைப் பரிசோடு ஊரின் தொழிலும் அவர்களுடன் செல்லும். தோட்டத்து வடலிகளை இப்போதே பார்த்து, அடுத்த புரட்டாசியில் எவற்றிற் குருத்தெடுக்கலாமென்று குறித்துவைப்பது விவசாயிகளின் கடமையாகும்.